மலையிலிருந்து வந்த மறுகூவல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி, காட்டுத் தெய்வம் என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பக்தி இல்லாதவன் என்று நினைக்கவேண்டாம். கோயிலுக்குப் போவேன், கும்பிடுவேன், சோறு போட்டால் சாப்பிடுவேன். ஆனால் காட்டோரத்தில் பிறந்து, அந்தக் காட்டுக்கே ஒன்பது வருடம் காவல் பார்த்தவனுக்குச் சத்தங்கள் புதிதில்லை, பயமுறுத்துகிற எந்தச் சத்தத்துக்குப் பின்னாலும் ஒரு மரையோ ஆந்தையோ மரம் களவெடுக்கிறவனோ இருந்ததைத்தான் கண்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. இதை இன்னொருவர் சொல்லியிருந்தால் நானே பாதியில் எழுந்திருப்பேன்.

நாங்கள் வேடர். இலங்கையின் கிழக்குக் கரையில், வாகரைப் பக்கம், தமிழ் பேசுகிற வேடர் இருக்கிறார்கள் என்று சொன்னால், நான் இப்போது இருக்கிற இத்தாலியில், பலேர்மோ நகரில் இருக்கிற யாழ்ப்பாணத்துச் சனமே “அப்பிடியும் ஆக்கள் இருக்கினமோ?” என்று கேட்கும். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. சண்டை ஓய்ந்து சில வருடங்களில் வெளியாட்கள் லொறியோடு வந்து மரத்தையும் மானையும் அள்ளத் தொடங்க, எங்கள் சனம் கூடிப் பேசி, காட்டுக்கு நாங்களே காவல் குழு வைப்பது என்று முடிவெடுத்தது. வனத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளும் சம்மதித்து, காக்கிச் சட்டையும் அடையாள அட்டையும் ஆளுக்கொரு விசிலும் தந்தார்கள். ஒன்பது பேர், தலைவன் நான். வீரத்துக்காக இல்லை, ஒன்பது பேரில் அறிக்கை எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பிடிபட்டவன் வெளியாள் என்றால் அதிகாரிகளிடம் கொடுப்போம். எங்கள் ஆள் என்றால் முதலில் ஊர்க்கூட்டம். என் அக்காவின் புருஷன் தேன்கூட்டைக் குஞ்சுப் பகுதியோடு வெட்டினதற்கு, இரண்டு பருவம் அவர் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று கூட்டத்தில் நானே சொன்னேன். அக்கா ஒரு வருடம் எனக்குச் சோறு போடவில்லை. தலைவன் வேலை அப்படிப்பட்டது.

விசில் எங்களுக்குச் சரிவரவில்லை, அது காட்டுச் சத்தம் இல்லை, ஊதின உடனே களவெடுக்கிறவன் ஓடிவிடுவான். எங்களுக்குக் கூவல் இருந்தது. காட்டுக்குள் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது எங்கள் பழக்கம். கூப்பிட்டால் வேறு ஏதோ ஒன்று பதில் சொல்லும் என்பார்கள். நான் சிரிப்பேன், பேரைக் கேட்டால் கள்ளனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும், அவ்வளவுதான் விஷயம் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்வேன். தலைவன் ஒரு நீளக் கூவல் கொடுக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக, வரிசை மாறாமல், நீளமாக ஒன்று கூவவேண்டும். அப்படியென்றால் வருகிறேன் என்று பொருள். நீளமாக ஒன்று, உடனே குட்டையாக ஒன்று கூவினால், “நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள்” என்று பொருள். கள்ளன் வைத்த பொறிக்குப் பக்கத்தில் அவனைப் பிடிக்கப் பதுங்கிக் கிடக்கிறவன் கொடுக்கிற கூவல் அது. அதைக் கேட்டால் மறுபடி கூவாமல், தேடிப் போகாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விடவேண்டும். போய்க் கேட்டால் அவனைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

குழுவில் தங்கன் என்று ஒருவன் இருந்தான். ஒரு நாள் மாலை எல்லோரையும் கூவி அழைத்தபோது அவன் பக்கமிருந்து நீளமும் குட்டையும் வந்தது. நாங்கள் வந்துவிட்டோம். அவன் வரவில்லை. இரண்டாம் நாள்தான் தேடத் தொடங்கினோம், எலும்புகூடக் கிடைக்கவில்லை. விசாரணையில், தன் விருப்பத்தில்தான் நின்றான், எங்களைப் போகச் சொன்னான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. மரக் கள்ளரோடு சேர்ந்து போய்விட்டான், அதற்குத்தான் கூட்டாளிகளை அனுப்பிவைத்தான் என்று கதை கட்டினார்கள். அவன் மனைவி பூமணி தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் இருந்தேன். பிறகு காக்கிச் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுக் கட்டார் போனேன், அங்கிருந்து சைப்பிரஸ், பிறகு சொல்லத் தேவையில்லாத சில இடங்கள், கடைசியில் பலேர்மோ.

இப்போது சீசா என்கிற பகுதியில் நான்கு பேரோடு ஓர் அறை, வேலை அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுக் கழுவுவது. சனிக்கிழமைகளில் மலை.

மலைக்கு என்னைக் கொண்டுபோனது சுமதி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மக்வேதா வீதிப் பக்கம் வயதான ஒரு சின்யோராவை, இத்தாலிக்கார அம்மாவை, பராமரிக்கிறாள், ஞாயிறுதோறும் வெறுங்காலோடு பெல்லெக்ரினோ மலை ஏறி, இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசலியாவைக் கும்பிடுகிற நம் சனத்தில் ஒருத்தி. வழியில் புதருக்குள் ஒரு வலையைக் கண்டு எனக்குப் படம் அனுப்பினாள். சிவப்பு முகமும் மஞ்சள் சிறகுமாக இங்கே ஒரு சிறு குருவி உண்டு, கர்தெல்லினோ என்பார்கள். அதன் பாட்டுக்காக வலை வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைத்து விற்பார்கள். சட்டம் விடாது, ஆனாலும் பிடிப்பார்கள். வலையைப் பார்த்ததும் எந்த நேரம் வைத்தது, ஆள் எந்தப் பக்கத்தால் வருவான் என்று சொன்னேன். சுமதிக்குத் தெரிந்த ஒரு பறவைக் காவல் சங்கத்தார் என்னைக் கூப்பிட்டுப் பேசி, ஒரு பச்சை மேலங்கியும் நான்கு பேர் கொண்ட குழுவும் தந்தார்கள். எங்களுக்கு யாரையும் பிடிக்கிற அதிகாரமில்லை. வலையைக் கண்டால் படம் எடுத்து வனப் பொலிசுக்குச் சொல்வோம், அவ்வளவுதான்.

குழுவில் நான், சுமதி, முன்பு பஸ் ஓட்டின இத்தாலிக்காரன் சால்வோ, பிறகு கெவின். கெவின் மொரீஷியஸ்காரன், அவனுடைய பாட்டன் பூட்டன் தமிழர், அவனுக்கோ தமிழில் முருகன் பேரைத் தவிர ஒன்றும் தெரியாது, என்னோடு இத்தாலியன்தான். துறைமுகத்தில் கப்பல் அறைகள் சுத்தம் செய்கிறவன். மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

மலையில் தொலைபேசி பல இடங்களில் எடுக்காது, அதனால் அவர்களுக்குக் கூவல் பழக்கினேன். நீளக் கூவல் மட்டும். இறங்கக் கூவினபின் இங்கே யாரும் தனியாக நிற்கக்கூடாது என்பது நான் வைத்த சட்டம், ஏன் வைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே மற்றக் கூவலைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. கெவினுக்குக் கூவ வராது. தொடங்கினால் சிரிப்பு வந்துவிடும், தடித்த குரலில் கூவி முடிவில் கெக்கெக்கென்று சிரிப்பான்.

“அண்ணை, நாப்போலிக்குப் போற கப்பல் ஊதிக்கொண்டு வெளிக்கிடுது” என்பாள் சுமதி. “இவன் கூவினா குருவி மட்டுமில்லை, மலையே பறந்திடும்.”

அது ஒக்டோபர் மாதம், வெயிலோடு தெற்குக் காற்று வீசின ஒரு சனிக்கிழமை. அந்தக் காற்று ஆபிரிக்கப் பக்கத்து மண்ணைக் கொண்டுவரும், வானம் செம்மஞ்சளாகிவிடும், கடல் எது மலை எது என்று தெரியாது. விடிகாலையிலேயே ஏறிவிட்டோம். ஒவ்வொருவரையும் ஓரிடத்துக்கு அனுப்பினேன், கெவினைப் பாறைச் சரிவின் மேல் விளிம்புக்கு அனுப்பினேன். காலை முழுவதும் இரண்டு வலைகளைக் கண்டு படம் எடுத்தோம். உச்சி வெயிலில் இறங்குவதாக ஏற்பாடு. மேல் பாதையில் நின்று கூவினேன்.

சால்வோ பதில் கூவினான். சுமதி கூவினாள். கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு பாறைப் பக்கமிருந்து கெவினின் முறைக்குக் கூவல் வந்தது. நீளமாக ஒன்று, உடனே குட்டையாக ஒன்று.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒருவழியாகச் சிரிக்காமல் கூவப் பழகிவிட்டான் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை, என் கால் தானாகக் கீழே திரும்பிவிட்டது. ஒன்பது வருடப் பழக்கம் அப்படி. சால்வோவும் சுமதியும் வந்து சேர்ந்தார்கள்.

“கெவின் எங்கை?” என்றாள் சுமதி.

“அவன் நிக்கிறானாம். எங்களைப் போகச் சொல்றான்.”

“எப்ப சொன்னவன்?”

“இப்ப கூவினானே.”

சுமதி என் முகத்தைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள், வெயிலுக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். கீழே சால்வோவின் காரடியில் தண்ணீர் குடித்தோம், சால்வோ ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தான். கெவினின் தொலைபேசி எடுக்கவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். சுமதி ரொட்டியைக் கையில் வைத்தபடி சொன்னாள்.

“அண்ணை, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஆரும் தனிய நிக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சட்டம் போட்டனீங்கள். பேந்தேன் விட்டிட்டு வந்தனீங்கள்?”

“அவன் கூவினது அதுதான். நீளமும் குட்டையும். போகச் சொல்ற கூவல்.”

“எனக்கு நீங்கள் அப்பிடி ஒண்டும் பழக்கேல்லையே. அவனுக்கு எப்ப பழக்கினீங்கள்?”

நான் அவனுக்கும் பழக்கவில்லை. பலேர்மோவில் ஒருவருக்கும் பழக்கவில்லை. அந்தச் செம்மஞ்சள் வெயிலில் நின்றுகொண்டு, பழக்கினேனா, குடித்துவிட்டு எப்போதாவது சொன்னேனா என்று தலையைப் போட்டு உடைத்தேன். இல்லை. சால்வோவைக் கேட்டேன், அவன் தனக்கு ஒரே ஒரு கூவல்தான் கேட்டது, குட்டையானது கேட்கவில்லை என்றான். சுமதி தனக்கு இரண்டும் கேட்டது என்றாள். அதற்கு மேல் நிற்கவில்லை, திரும்பவும் மலையில் ஏறி ஓடினோம்.

மேல் பாதைக்கு வந்து மறுபடி கூவினேன். மற்ற இரண்டு பேரும் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். பாறைப் பக்கமிருந்து வந்தது. நீளம், குட்டை. நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள்.

போகச் சொன்ன கூவலை நோக்கியே நான் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது, எனக்கு ஒவ்வோர் அடியும் தப்புச் செய்கிற மாதிரி இருந்தது. இருபது முப்பது அடிக்கு ஒரு தடவை நின்று கூவினேன், ஒவ்வொரு தடவையும் அதே பதில், ஒரே மாதிரி, கிட்டப் போகப் போகச் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சப்பாத்திக்கள்ளிக் கூட்டம் ஒன்றைத் தாண்டினேன். அங்கே ஒரு பிளவு, மேலே காட்டு ஒலிவக் கிளைகள் மூடியிருந்தன. குனிந்து பார்த்துக்கொண்டு கூவினேன். பதில் வரவில்லை.

கெவின் உள்ளே கிடந்தான். பிளவு இரண்டு ஆள் ஆழம் இருக்கும். குப்புற விழுந்து, முகம் மண்ணுக்குள். தலைக் காயத்து இரத்தம் காய்ந்து கறுத்து, அதில் எறும்பு ஊர்ந்தது. சால்வோவின் கயிற்றில் இறங்கி அவன் முகத்தைத் திருப்பினேன், மூச்சு இருந்தது, மெல்ல, நூல் மாதிரி. வாய் நிறைய மண். விரலை விட்டு எடுத்தேன். மேலே சுமதி ரொசலியாவையும் நல்லூர்க் கந்தனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், சால்வோ தொலைபேசிக்குச் சிக்னல் தேடி ஓடினான்.

மீட்புக்காரர் வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், இவன் விழுந்தது காலையிலேயே, அப்போதிருந்து நினைவில்லாமல்தான் கிடந்திருப்பான், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார். கெவின் பிழைத்தான். பெண் குழந்தை பிறந்தது, தூக்கிக்கொண்டுவந்து காட்டினான். தலைவனை இங்கே கப்போ என்பார்கள், என்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். “கப்போ, கால் வழுக்கினது தெரியும், பிறகு ஆஸ்பத்திரி லைட் தெரியும், நடுவில் ஒன்றுமில்லை” என்றான். கூவினாயா என்று கேட்டேன். “நானா? எனக்குத்தான் கூவ வராதே” என்று சிரித்தான், அதே கெக்கெக்கே.

சால்வோ அதை எதிரொலி என்கிறான், காற்று பிளவுக்குள் புகுந்து ஊதியிருக்கும் என்கிறான். இருக்கலாம். சுமதி சாந்தா ரொசலியா காப்பாற்றினாள் என்கிறாள்.

“காப்பாத்த வந்தவள் ஏன் எங்களைப் போகச் சொன்னவள்?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும். அவ இத்தாலிக்காரி, உங்கட பாஷை பிழைச்சிருக்கும்” என்றாள். சிரிப்புக் காட்டத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

எனக்கு இதுதான் பிடிபடவில்லை. அந்தக் கூவல் இல்லாவிட்டால் கெவின் எங்கே கிடக்கிறான் என்று கண்டுபிடித்திருக்கமாட்டேன். அந்தக் கூவல் இல்லாவிட்டால் நண்பகலிலேயே அவன் பதில் சொல்லவில்லை என்று தெரிந்து உடனே தேடியிருப்பேன். இரண்டும் உண்மை. எது நல்லது எது கெட்டது என்று பல நாள் படிக்கட்டுக் கழுவிக்கொண்டே யோசித்தேன், ஒரே படியை மூன்று தடவை கழுவினேன். அந்த யோசனையில்தான் தங்கனின் நினைப்பு வந்தது. கெவினின் முறைக்கு அவனல்லாத ஒன்று பதில் சொல்ல முடியும் என்றால், அன்று தங்கனின் முறைக்குப் பதில் சொன்னது யார்?

பூமணியின் எண்ணை ஊரில் ஒருவனிடம் வாங்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது, எண் கிடைக்காமல் இல்லை, துணிவு கிடைக்காமல். ஒரு மத்தியானம், சீசாவில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடிப் படியில், வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு அழைப்பு எடுத்தேன்.

“ஆரு?” என்றாள். சொன்னேன். அவள் பக்கம் கோழி கத்துவது கேட்டது.

மலையில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அன்று எங்களைப் போகச் சொன்னது தங்கன்தானா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டது பிழையாக இருக்கலாம், ஊருக்கு அதைச் சொல்ல நான் தயார் என்றேன். அழுவாள் அல்லது ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அண்ணே, அவருக்கு அண்டைக்குக் குரலே இல்லையே” என்றாள்.

“என்ன?”

“முந்தின ராவுல இருந்து தொண்ட கட்டி ஒரு சொட்டுச் சத்தம் வராது. காலையில தேத்தண்ணியும் கையக் காட்டித்தான் கேட்டாரு. கழுத்துல துணியச் சுத்தித்தான் அனுப்பினன். இவரு எப்பிடிக் கூவினாரு எண்டு கேக்க ஒங்கட வீட்டுக்கு வந்தன். ஒங்கட அக்கா, தம்பி எழுதிக் குடுத்திட்டான், இனி மாத்தேலாது, போ எண்டு செல்லித் திருப்பி அனுப்பிட்டா.”

எனக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. காட்டு வாசலில் நான் ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுத்தபோது தங்கன் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினான். கழுத்தில் துணி இருந்தது. மூன்று நாளாக ஒரே இடத்தில் போட்டதற்கு என்னோடு கோபம் என்று நினைத்து, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனை நான் கடைசியாகக் கண்டது அதுதான், ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேன்.

“அண்ணே” என்றாள் பூமணி. “நீங்க இஞ்ச வந்து அந்த இடத்துல நிண்டு ஒருக்காக் கூவுவீங்களா? அண்டைக்கு மாதிரி இல்லாம, சத்தம் வார பக்கம் போவீங்களா? நானும் வாறன்.”

பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்குகிற அனுமதி அட்டையை, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், அது வராமல் நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்பி வரமுடியாது, வந்ததும் சொல்கிறேன் என்றேன். பொய்யில்லை, அன்றைக்கு அது உண்மை. “ஓம், பாத்துக்கிட்டு இரிக்கன்” என்றாள்.

பெர்மெஸ்ஸோ என் கைக்கு வந்து நான்கு மாதமாகிறது. பூமணிக்கு இன்னும் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு தடவையாவது அவள் எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது, ஒரு தடவை அடித்து நின்றுவிடும். சனிக்கிழமைகளில் மலைக்குப் போகிறேன், குழுவை நடத்துகிறேன், வலை கண்டால் படம் எடுக்கிறேன். கூவுவதை மட்டும் சுமதியிடம் விட்டுவிட்டேன்.